எச்.ஐ.வி உள்ள பெண்களும் யாரும் கேட்காத ஆசனவாய்ப் புற்றுநோயும்

2008ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பாதி ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பின்னால் எச்.பி.வி என்ற வைரஸ் இருக்கிறது என்று நிரூபித்ததற்காக. மறுபாதி பிரான்ஸின் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்தன்யே இருவருக்கும். எச்.ஐ.வியைக் கண்டுபிடித்ததற்காக. இரண்டு வைரஸ்களும் ஒரே மேடையில் ஏறியது தற்செயலாக இருக்கலாம். உடம்புக்குள் இவை சந்தித்துக்கொள்வதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. பரவும் வழி ஒன்று, தங்கும் இடங்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று கதவைத் திறந்துவைத்தால் மற்றது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தச் சந்திப்பால் பெண்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டால், எல்லோரும் கர்ப்பப்பை வாயைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். எச்.ஐ.வி உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. மற்ற பெண்களுக்கு 30 வயதில் தொடங்கச் சொல்லும் பரிசோதனையை இவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 1993லிருந்து அந்தப் புற்றுநோய், எய்ட்ஸ் நிலையை அடையாளம் காட்டும் நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆசனவாய்ப் புற்றுநோய் அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. அதே பெண், அதே வைரஸ், இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு இடம். அங்கே பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது

முதலில் பயத்தைக் கொஞ்சம் அளந்துகொள்வோம். பொதுவாக ஆசனவாய்ப் புற்றுநோய் அரிதானது. ஒரு லட்சம் பேரை ஓர் ஆண்டு கவனித்தால் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். உலகம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 50,000 பேர். பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், பொது மக்களிடையே இது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. இது ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆண்கள் கூட்டத்தின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடம்கூட இருக்கிறது. அந்த எண்ணம்தான் பெண்களைக் காணாமல் போக்கியது என்று நினைக்கிறேன்.

யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று 2021ல் கேரி கிளிஃபோர்ட் தலைமையிலான குழு ஒன்று, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஒரு தராசில் வைத்துப் பார்த்தது. எச்.ஐ.வி உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 85 பேர். எச்.ஐ.வி உள்ள மற்ற ஆண்களில் 32. எச்.ஐ.வி உள்ள பெண்களில் 22. முதல் எண்ணின் பக்கத்தில் வைத்தால் 22 சின்னதாகத் தெரியும். பொது மக்களின் ஒன்று, இரண்டு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பத்து மடங்குக்கு மேல். அதே சமயம், 22 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 பெண்களில் ஒருவர். எச்.ஐ.வி இருக்கிறது என்பதாலேயே இந்தப் புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் தூக்கம் கெட வேண்டாம். கவனிக்காமல் விடுகிற அளவுக்கு அது சின்ன எண்ணும் இல்லை.

அந்தக் கணக்கில் என்னை நிறுத்திய வரி வேறு. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் எச்.பி.வியால் புற்றுநோய் வந்த பெண்களில் ஆசனவாய்ப் புற்றுநோய் ஒரு லட்சத்துக்கு 48. அதே இடத்தில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் மட்டும் வந்தவர்களில் 42. இவர்களைத் தேர்ந்தெடுத்தது எச்.ஐ.வியை வைத்து இல்லை. வெளிப்பகுதியில் வைரஸ் அந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது என்றால், பக்கத்திலேயே இருக்கும் ஆசனவாயிலும் அது இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எச்.ஐ.வியும் இருந்து, இந்த வரலாறும் இருந்தால், அந்தப் பெண்ணை வரிசையில் முன்னால் நிறுத்த வேண்டும்.

எல்லைக்கோட்டில் என்ன நடக்கிறது

ஆசனவாய்க் குழாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம்தான். கீழ்ப்பகுதி தோலைப் போன்ற தட்டையான செல்களால் ஆனது. மேலே போகப் போக, குடலின் உள்பக்கத்தில் இருக்கும் தூண் வடிவச் செல்கள் தொடங்கும். இரண்டு வகையும் சந்திக்கும் இடத்தில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. கர்ப்பப்பை வாயிலும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. இந்த எல்லைப்பகுதிகளில் ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும். அடித்தளச் செல்கள் மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கும். எச்.பி.விக்கு வேண்டியது அந்த அடித்தளச் செல்தான். ஒரு சின்ன உராய்வு போதும், உள்ளே போய்விடும்.

எச்.பி.வியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. புற்றுநோய் வரை இழுத்துப் போகக்கூடியவை ஒரு டஜன் அளவுதான். ஆசனவாயைப் பொறுத்தவரை அந்த டஜனிலும் ஒருவனே ராஜா: எச்.பி.வி 16. ஆசனவாய்ப் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பது எச்.பி.வியால் வருகின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை 16ஆம் வகையால். இந்த வைரஸ் இரண்டு புரதங்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. இ6 என்பது, பழுதான செல்லைத் தானாகச் சாக வைக்கும் பி53 என்ற காவலாளியை அழித்துவிடும். இ7 என்பது, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி என்ற பிரேக்கைக் கழற்றிவிடும். காவலாளியும் இல்லை, பிரேக்கும் இல்லை. அப்புறம் அந்தச் செல் தன் இஷ்டத்துக்குப் பெருகிக்கொண்டே போகும், போகிற வழியில் பிழைகளையும் சேர்த்துக்கொண்டே போகும்.

நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக இருப்பவர்களில் இந்த நாடகம் பெரும்பாலும் முதல் காட்சியிலேயே முடிந்துவிடும். எச்.பி.வி தொற்றுகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாக அடங்கிவிடுகின்றன. அடக்குவது டி செல்கள். சி.டி.4 செல்கள் கட்டளை கொடுக்க, சி.டி.8 செல்கள் தொற்றுள்ள செல்களைத் தேடி அழிக்கும். எச்.ஐ.வி கை வைப்பதே அந்தக் கட்டளை கொடுக்கும் சி.டி.4 செல்களில்தான். அதுவும் தொற்று வந்த சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சி.டி.4 செல்களைப் பெருமளவு காலி செய்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சுமாராகத் தெரியும்போதே குடல் பகுதியில் காவல் குறைந்திருக்கும். அப்புறம் எச்.பி.வியை யார் விரட்டுவது? அது தங்கிவிடுகிறது. புற்றுநோய்க்கு வேண்டியது தொற்று மட்டும் இல்லை, பல ஆண்டுகள் விலகாமல் இருக்கும் தொற்று. புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் வசதி.

இங்கே ஒரு கேள்வி வரும். எச்.ஐ.வியை அடக்கும் ஏ.ஆர்.டி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டால் இதுவும் சரியாகிவிடாதா? ஓரளவுக்கு. மருந்தைத் தாமதமில்லாமல் தொடங்கியவர்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால் சி.டி.4 எண்ணிக்கை ஒரு காலத்தில் 200க்குக் கீழே போயிருந்தால், இன்றைக்கு 600 இருந்தாலும் அந்தப் பழைய பள்ளத்தின் தடம் இருக்கும். அந்தக் காலத்தில் எச்.பி.வி வேரூன்றி, செல்லின் மரபணுவில் மாற்றங்கள் சேர்ந்திருந்தால், எதிர்ப்புச் சக்தி திரும்பி வருவதால் மட்டும் அவை அழியாது. அதோடு, ஏ.ஆர்.டியின் வெற்றியே இதில் ஒரு பங்கு வகிக்கிறது. மருந்துக்கு முந்தைய காலத்தில் இந்தப் புற்றுநோய் வளர்ந்து வெளியே தெரியும் முன்பே பலர் வேறு தொற்றுகளால் இறந்துபோனார்கள். இன்று ஐம்பது, அறுபது வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். மெதுவாக வளரும் நோய்க்கு இப்போது நேரம் கிடைத்திருக்கிறது.

எப்படி அங்கே போனது?

பெண்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. டாக்டர்களும் கேட்கத் தயங்குகிறார்கள். ஆசனவாயில் எச்.பி.வி என்றாலே, ஆசனவாய் வழியாக உறவு கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட உறவு ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அது இல்லாமலும் வருகிறது, நிறையப் பேருக்கு வருகிறது. பிறப்புறுப்பும் ஆசனவாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஈரக்கசிவு, விரல், துடைக்கும்போது கைமாறுவது என்று வைரஸ் நகர ஆயிரம் வழி. அதனால் 'நான் அப்படி எதுவும் செய்யவில்லையே' என்று ஒரு பெண் நினைத்துப் பரிசோதனையைத் தவிர்த்தாலும் தவறு, 'அவர் அப்படி எதுவும் சொல்லவில்லையே' என்று டாக்டர் விட்டுவிட்டாலும் தவறு.

2001ல் ஜோயல் பலெஃப்ஸ்கி குழு வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே பெண்ணிடம் இரண்டு இடத்திலும் மாதிரி எடுத்தார்கள். எச்.ஐ.வி உள்ள பெண்களில் கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி இருந்தது 53 சதவீதம் பேருக்கு. ஆசனவாயில் 79 சதவீதம் பேருக்கு. எச்.ஐ.வி இல்லாத பெண்களிலும் இதே போக்குதான், 24க்கு 43. பரிசோதனை நடக்கும் இடத்தைவிட, நடக்காத இடத்தில்தான் வைரஸ் அதிகம் இருந்திருக்கிறது.

இரண்டு இடங்களுக்கும் உள்ள உறவை இன்னும் பெரிய அளவில் பார்த்தது 2019ல் வந்த ஒரு கூட்டு ஆய்வு. 36 ஆய்வுகளிலிருந்து 13,000க்கும் மேற்பட்ட பெண்கள். எச்.ஐ.வி இல்லாத பெண்களில், கர்ப்பப்பை வாயில் 16ஆம் வகை இருந்தால் ஆசனவாயிலும் அது இருந்தது 41 சதவீதம் பேருக்கு. கர்ப்பப்பை வாயில் இல்லாவிட்டால் வெறும் 2 சதவீதம். எச்.ஐ.வி உள்ளவர்களில் இந்த எண்கள் 46, 11. அந்தப் பதினொன்றைக் கவனியுங்கள். எச்.ஐ.வி இல்லாத பெண்ணிடம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை சுத்தம் என்று வந்தால், ஆசனவாயைப் பற்றியும் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். எச்.ஐ.வி உள்ள பெண்ணுக்கு அந்த நிம்மதி கிடையாது. பாப் ஸ்மியர் நார்மல் என்ற சீட்டு ஆசனவாய்க்குச் செல்லாது.

மூலம் என்று ஒரு முகமூடி

இந்தப் புற்றுநோயின் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. மலத்தோடு ரத்தம், அரிப்பு, உட்காரும்போது வலி, கையில் தட்டுப்படும் சின்னக் கட்டி. எல்லாமே மூலத்துக்கும் பொருந்தும். மூலம் சாதாரணமாக வருவது, புற்றுநோய் அரிதாக வருவது. அதனால் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் 'மூலம்தான்' என்ற யூகம் சரியாகத்தான் இருக்கும். அந்த வெற்றி விகிதம்தான் ஆபத்து.

பல அறைகளில் நடக்கும் உரையாடல் இது:

"டாக்டர், ரத்தம் போகுது. மூலம்னு நினைக்கிறேன்."

"எத்தனை நாளா ம்மா?"

"மூணு மாசமா இருக்கும்."

"மலம் இறுக்கமா போகுதா?"

"ஆமா, சில நாள்."

"சரி, களிம்பு எழுதித் தரேன். தண்ணி நிறையக் குடிங்க."

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அலட்சியமாக நடந்துகொண்டதாகவும் தெரியவில்லை. அவர் காட்டச் சங்கடப்பட்டார், இவர் பார்க்கச் சங்கடப்பட்டார். கையுறை போட்ட விரலை வைத்து ஒரு நிமிடம் தடவிப் பார்த்திருந்தால் மூலத்தின் மெத்தென்ற வீக்கமா, கெட்டியான கட்டியா என்று தெரிந்திருக்கும். மூலம் விரலுக்கு மிருதுவாக, அழுத்தினால் அமுங்குவதாக இருக்கும். உள் மூலம் பல நேரம் விரலுக்குத் தெரியவே தெரியாது. புற்றுநோய் கட்டியாகிவிட்டால் கெட்டியாக, இடத்தைவிட்டு நகராமல், மேலே புண்ணோடு சொரசொரவென்று தட்டுப்படும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை மார்சியா கிராஸ் தனக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் வந்ததை 2019ல் பொதுவெளியில் பேசினார். இந்தக் கட்டுரையின் எச்.ஐ.வி பகுதியோடு அவருக்குச் சம்பந்தமில்லை, வெட்கத்தைப் பற்றிய பகுதியோடுதான். வழக்கமான மகப்பேறு மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில், டாக்டர் விரல் வைத்துப் பார்த்ததால் அது தெரியவந்தது. அவருடைய கணவருக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தொண்டைப் புற்றுநோய் வந்திருந்தது, இரண்டுக்கும் எச்.பி.வியே காரணமாக இருக்கும் என்றும் சொன்னார். மற்ற புற்றுநோய்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் இந்த ஒரு சொல்லில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆதங்கம். எச்.ஐ.வி உள்ள பெண் ஏற்கெனவே ஒரு சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பவர். அவரிடம் இரண்டாவது சொல்லையும் எதிர்பார்ப்பது எளிதல்ல. பேச்சை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

ஆங்கர் ஆய்வு மாற்றிய விஷயம்

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் புற்றுநோய் வராது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஆசனவாயிலும் அப்படியே இருக்கும் என்று பலர் நம்பினார்கள், ஆனால் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததால் காப்பீடும் வழிகாட்டியும் இல்லை, அவை இல்லாததால் பயிற்சி பெற்ற டாக்டர்களும் இல்லை. இந்தச் சுற்றை உடைத்தது ஆங்கர் என்ற அமெரிக்க ஆய்வு. தலைமை தாங்கியவர் மேலே சொன்ன அதே பலெஃப்ஸ்கி.

எச்.ஐ.வி உள்ள, 35 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, எச்.எஸ்.ஐ.எல் என்று சொல்லப்படும் தீவிர முன்மாற்றம் உள்ள 4,459 பேரைச் சீட்டுக் குலுக்கல்போல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்த இடங்களை நீக்கும் சிகிச்சை, பெரும்பாலும் மின்சாரத்தால் சுடுவது. மறு குழுவுக்குச் சிகிச்சை கிடையாது, நெருக்கமான கண்காணிப்பு மட்டும். இடைநிலையாக இரண்டு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல் கவனித்ததில், சிகிச்சை பெற்றவர்களில் 9 பேருக்குப் புற்றுநோய், பெறாதவர்களில் 21 பேருக்கு. 57 சதவீதம் குறைவு. விடை தெரிந்துவிட்டது, இனி ஒரு பாதியைச் சிகிச்சை இல்லாமல் வைத்திருப்பது நியாயம் இல்லை என்று 2021ல் ஆய்வை நிறுத்தினார்கள். 2022 ஜூனில் முடிவு வெளியானது.

இதை எப்படிப் படிப்பது? சிகிச்சை பெறாத குழுவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 402. அதாவது எச்.எஸ்.ஐ.எல் இருந்தும் ஆண்டுக்கு 250 பேரில் ஒருவருக்குத்தான் அது புற்றுநோயாக மாறுகிறது. அந்த அறிக்கையைக் கையில் வாங்குகிற பெண்ணுக்கு முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். அடுத்தது, சிகிச்சை பெற்றும் 9 பேருக்கு வந்தது. காரணம் இடத்தின் அமைப்பில் இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் அந்த எல்லைப்பகுதி முழுவதையும் ஒரு வளையக் கம்பியால் வெட்டி எடுத்துவிடலாம். ஆசனவாயில் அப்படிச் செய்தால் மலத்தை அடக்கும் தசையின் கதி என்ன? அதனால் தெரிகிற புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும், வைரஸ் மீதி இடத்தில் இருக்கும், மறுபடி வரும், மறுபடி சுட வேண்டும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். பெண்களுக்கு மட்டும் தனியாகப் பலன் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குப் பெண்கள் அதில் இல்லை. ஆனால் பரிசோதனைக் கட்டத்தில் கிடைத்த எண் பேசுகிறது. வந்த பெண்களில் 46 சதவீதம் பேருக்கு எச்.எஸ்.ஐ.எல் இருந்தது. அமெரிக்காவிலேயே பெண்களை மட்டும் எடுத்துக்கொண்ட வேறொரு ஆய்வில், 256 பேரில் 27 சதவீதம். எந்த எண்ணை எடுத்தாலும் 'பெண்களுக்கு இது அபூர்வம்' என்று சொல்ல இடமில்லை.

யார், எப்போது, எப்படி

2024ல் ஆசனவாய்ப் புற்றுநோயையும் அதன் முன்மாற்றங்களையும் ஆராயும் சர்வதேச அமைப்பு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. எச்.ஐ.வி உள்ள பெண்கள் 45 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும் எச்.ஐ.வி இருந்தால் 35ல். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் எச்.எஸ்.ஐ.எல் அல்லது புற்றுநோய் வந்த பெண்ணுக்கு வயதுக் கணக்கே கிடையாது, அது தெரிந்த ஓராண்டுக்குள் ஆசனவாயையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் படி ஒரு ஸ்வாப். பெண் பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடித்துக்கொள்வார். செயற்கை இழை முனை கொண்ட குச்சியை வெறும் தண்ணீரில் நனைத்து, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உள்ளே விட்டு, சுவரில் லேசாக அழுத்திச் சுழற்றியபடியே மெதுவாக வெளியே இழுப்பார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம். வழவழப்புக்கு ஜெல் தடவினால் மாதிரி கெட்டுவிடும், அதனால் விரல் பரிசோதனை எப்போதும் ஸ்வாபுக்கு அப்புறம்தான். வலி என்று சொல்ல முடியாது, சங்கடமாக இருக்கும். வந்த செல்களைப் பாப் ஸ்மியர் மாதிரியே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், அல்லது எச்.பி.வி வகையைத் தேடுவார்கள். எச்.ஐ.வி உள்ள பெண்களில் ஏதாவது ஒரு எச்.பி.வி இருப்பது சகஜம் என்பதால் 'இருக்கிறது' என்ற பதில் பெரிதாக உதவாது. 16ஆம் வகையா என்பதுதான் கேள்வி.

ஸ்வாபில் கோளாறு தெரிந்தால் அடுத்தது உயர் தெளிவு ஆசனவாய் நோக்கல். சின்னக் குழாய் ஒன்றை வைத்து, வினிகரைப் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். மாறிய செல்கள் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் அயோடின் தடவினால் நல்ல இடம் கரும்பழுப்பாகும், சந்தேக இடம் மஞ்சளாகவே நிற்கும். அங்கிருந்து துளியளவு சதையை பயாப்ஸிக்கு எடுப்பார்கள். கர்ப்பப்பை வாய்க்குச் செய்யும் கால்போஸ்கோப்பியின் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மடிப்புகள் நிறைந்த இடம் என்பதால் கை பழக நாளாகும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் எங்குமே குறைவு.

அதனால்தான் ஒரு நிபந்தனை இருக்கிறது. அடுத்த படி கிடைக்காத இடத்தில் ஸ்வாப் எடுப்பதில் பொருள் இல்லை. 'உங்களுக்குக் கோளாறு இருக்கிறது, ஆனால் பார்க்க ஆளில்லை' என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது மருத்துவம் ஆகாது. அங்கே செய்யக்கூடியது அறிகுறிகளைக் கேட்பதும், விரல் பரிசோதனையும். விரல் முன்மாற்றத்தைக் கண்டுபிடிக்காது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சின்னப் புற்றுநோயை, சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கும்.

சின்னதாக இருக்கும்போது பிடிப்பதில் என்ன லாபம்? 1970களின் தொடக்கம் வரை ஆசனவாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய வைத்தியம் ஆசனவாயையும் மலக்குடலையும் முழுக்க எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக மலப்பை வைப்பது. டெட்ராய்ட்டில் நார்மன் நிக்ரோ என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்கலாம் என்று கீமோவையும் குறைந்த அளவு ரேடியேஷனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வெட்டியெடுத்த சதையில் புற்றுநோயைத் தேடினால், காணவில்லை. 1974ல் மூன்றே நோயாளிகளை வைத்து அவர் எழுதிய கட்டுரை இந்த நோயின் சிகிச்சையையே புரட்டிப்போட்டது. இன்றும் அதே வழிதான், பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. பரவாத நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டி உயிரோடு இருக்கிறார்கள்.

ஆனால் அந்த ரேடியேஷன் பெண் உடம்பில் விட்டுச்செல்லும் தடயங்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். கதிர் போகும் வழியில் யோனி இருக்கிறது, சினைப்பைகளும் இருக்கின்றன. யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம், மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோகலாம். சுருங்காமல் இருக்க டைலேட்டர் என்ற குழல் வடிவக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லித்தர வேண்டும், சிகிச்சை முடிந்த பின் அல்ல, தொடங்கும் முன்பே அதைப் பற்றிப் பேச வேண்டும். முன்மாற்ற நிலையிலேயே பிடித்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே அவசியம் இருக்காது.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக. தொற்று வருவதற்கு முன் போட்டால் ஆசனவாயையும் காக்கும். கோஸ்டா ரிகாவில் இளம் பெண்களிடம் நடந்த ஆய்வில், அந்த வைரஸ்களை அதுவரை சந்திக்காதவர்களில் 16, 18 வகை ஆசனவாய்த் தொற்று 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எச்.ஐ.வி உள்ள, 27 வயதைத் தாண்டியவர்களுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு பலன் தெரியாமல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உள்ளே குடியேறிவிட்ட வைரஸை ஊசி வெளியேற்றாது. ஆகவே எச்.ஐ.வியோடு வளரும் சிறுமிகளுக்கு, தள்ளிப்போடாமல், 9 வயதிலிருந்து. மற்றவர்களுக்கு ஒரு தவணை போதும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி உள்ளவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று என்கிறது.

அந்த விரல் பரிசோதனை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரியாததால்தான் பயம் பாதி. எச்.ஐ.வி கிளினிக்கிலோ கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போகும்போதோ 'ஆசனவாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்று கேட்கலாம், அதே படுக்கை, அதே நேரம். டாக்டர் முதலில் வெளித்தோலை விரித்துப் பார்ப்பார். ஜெல் தடவிய விரலை ஆசனவாயின் விளிம்பில் ஒரு கணம் வைத்துத் தசை தளரக் காத்திருப்பார். உள்ளே போனதும் கடிகார முள் மாதிரி முழு வட்டம் சுற்றி, எங்காவது கெட்டியாகத் தட்டுப்படுகிறதா, அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் வலிக்கிறதா என்று கேட்பார். வெளியே எடுத்ததும் கையுறையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக இரண்டு தொடை இடுக்கையும் அழுத்தி நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவார், ஏனென்றால் இந்தப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் எட்டிப்பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.